படத்திலிருந்த பால்மா டின்

இந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி நடத்துவதற்குப் பழைய பால்மாக் கொம்பனி மறுபடியும் வந்திருக்கிறது. கடைகளில் டின் சாமான் இல்லாமல் போன காலத்தில் நின்றுபோன போட்டி. இப்போது சாமானும் வந்துவிட்டது, போட்டியும் வந்துவிட்டது. போட்டியைப் பற்றிப் பேச வந்த கொம்பனிக்காரர்கள் தங்களுடைய பழைய விளம்பரப் படம் ஒன்றையும் கொண்டுவந்து தலைமை ஆசிரியர் இருக்கிற கந்தோர்ச் சுவரில் தொங்கவிட்டுப் போனார்கள். கோயில் கோபுரம், ஒரு ஐயரின் இரண்டு கைகள், கைகளில் வெள்ளிக் கிண்ணம், பக்கத்தில் பால்மா டின். அதைப் பார்த்துவிட்டு ஒரு இளம் ரீச்சர், "அந்தக் காலத்திலையே நல்லாப் பொய் சொல்லப் பழகியிருக்கினம்" என்று சிரித்தாளாம். அந்தக் கிண்ணத்தின் கதை செல்லம்மாக்காவுக்குத்தான் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூட மலருக்கு எழுதித் தாருங்கள் என்று என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் எழுதுவேன். எழுதிய மாதிரியே போட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். படம் பொய்யா மெய்யா என்று என்னை ஒரு சொல்லில் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்த வருடம், ஐம்பத்தாறில், நான் புளியங்கூடலில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தேன். கூட்டுவது, மணி அடிப்பது, தண்ணீர் அள்ளி வைப்பது, கந்தோர் அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்திருப்பது. பழகுவதற்கு அதிக நாள் எடுக்கவில்லை. மணியை எவ்வளவு இழுத்து அடித்தால் கடைசி வீட்டுப் பிள்ளைக்கும் கேட்கும் என்பதுதான் கொஞ்சம் கஷ்டம். காற்றுப் பார்த்து அடிக்க வேண்டும்.

அப்போதிருந்த தலைமை ஆசிரியையை ஊரில் பெரிய ரீச்சர் என்றுதான் சொல்வோம். அவவைப் போல ஒருவரிடம் நான் பிறகு வேலை செய்யவில்லை. இதைச் செய் என்று ஒருநாளும் சொல்லமாட்டா. விறாந்தை கூட்ட வேண்டுமென்றால் விளக்குமாற்றை எடுத்து முதல் மூலையைத் தானே கூட்டுவா. நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு விளக்குமாற்றை என் கையில் தந்து, "மிச்சத்தை நீர் பாரும், செல்லம்மா" என்பா. பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை அடுக்க வேண்டுமென்றால் முதல் வாங்கின் ஒரு தலைப்பை அவ தூக்குவா. அந்த முதல் மூலையைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் குறையாகச் செய்ய யாருக்கும் மனம் வராது. வெள்ளைச் சீலை, முதுகு நிமிர்ந்த நடை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பா. அவ்வளவுதான். அவவுக்கு முன்னால் மற்ற ரீச்சர்மார்கூடக் கதிரையில் இருக்கமாட்டார்கள். நான் இருப்பேன். தண்ணீர் அள்ளிவிட்டு வந்தால் இருக்கச் சொல்லுவா.

சில வருடங்களுக்குப் பிறகு பால்மாக் கொம்பனி வந்தது. தீவுப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்குப் பேச்சுப் போட்டி. இடம் எங்கள் பள்ளிக்கூடம். முதல் கடிதத்திலேயே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. பேசுகிற பிள்ளை ஒவ்வொருவரும் அந்தக் கொம்பனி டின்னிலிருந்து ஒரு லேபிள் கழற்றிக் கொண்டுவர வேண்டுமாம். பேச்சு வாயில் இருக்கிறது, லேபிள் எதற்கு என்று கேட்டேன். பெரிய ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு எடுத்த பிள்ளை பாக்கியம். தகப்பன் இல்லை. தாய் நாகம்மா பனையோலையில் கடகமும் பெட்டியும் இழைத்து வளர்த்தாள். அவர்களுடைய வீட்டு வளவு என் வளவுக்கு அடுத்த ஒழுங்கையில். அந்த வீட்டுக்குள் பால்மா டின் ஒருநாளும் போனதில்லை. பாக்கியத்தின் லேபிளைப் பெரிய ரீச்சர் தன் வீட்டுக் குசினி டின்னிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தா.

போட்டிக்கு நெடுந்தீவுப் பிள்ளைகள் முதல்நாளே வந்துவிட்டார்கள். கடல் அன்றைக்குக் கடுமை. வந்து இறங்கிய பிள்ளைகள் சத்தி எடுத்துக்கொண்டு விறாந்தையில் படுத்துவிட்டார்கள். தேசிக்காய் வெட்டி மணக்கக் கொடுத்தேன். காலையில் நயினாதீவுப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு கொம்பனியின் மோட்டார் வான் வந்தது. வானில் ஒரு பெரிய துணி, அதில் எழுத்து. வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்தான். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நல்ல மரியாதையான மனிதர். நாங்கள் அவரைக் கொம்பனி ஐயா என்று சொன்னோம்.

அவர் எனக்குப் பால் கரைக்கக் காட்டித் தந்தார். மாவை நேரே தண்ணீருக்குள் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, மாவைப் போட்டு, அகப்பையால் தேய்த்துக் களி மாதிரி எடுக்க வேண்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிரம்பிய பெரிய கிடாரத்துக்குள் விட்டுக் கலக்க வேண்டும். கொதித்த தண்ணீர் கூடாது. நான் ஒருமுறை பார்த்தேன், பிறகு அவரைக் கிட்ட வரவிடவில்லை. அன்றைக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் என் கையால் கரைத்த பால்தான்.

பாக்கியம் வென்றாள். பரிசு, வெள்ளி நிறத்தில் இரண்டு கைப்பிடி வைத்த கிண்ணம். கொம்பனி ஐயா அதைச் சபைக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "இந்தக் கிண்ணம் இனி உங்களுடையது" என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார். நாகம்மா எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. பெரிய ரீச்சர், ஊர் பார்க்கட்டும், ஒரு கிழமை வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவாரும் என்று பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினா.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. கன்று போட்ட பசுவின் முதல் பால் அம்மனுக்கு. முதல் குலை அம்மனுக்கு. பிள்ளைக்கு முதன்முதல் கிடைக்கிறதும் அம்மனுக்கு. நாகம்மா நேர்த்தியும் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கோயிலில் கொடுத்துவிட்டாள். ஐயர் அதைக் கழுவி, திருநீறு பூசி, அன்றைக்கே அதில் பால் எடுத்து அம்மனுக்கு அபிஷேகம் செய்துவிட்டார். ஊரே பார்த்துச் சந்தோசப்பட்டது. நானும் போய்க் கும்பிட்டேன். ஒரு கிழமையில் கிண்ணம் கந்தோருக்கு வராததைப் பெரிய ரீச்சரும் கேட்கவில்லை. அவ அம்மன் கோயிலுக்கு அடிக்கடி போகிறவ இல்லை, தெரியாது. பிள்ளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டா என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை வெல்கிற பிள்ளைக்கு ஒரு நிதி. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்து படிப்பு முடியும்வரை விடுதிச் செலவு, உடுப்பு, புத்தகம் எல்லாம் கொம்பனி பார்க்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் இல்லை. பாக்கியம் எட்டில் நின்றாள். அதற்குப் பிறகு நகரம், இல்லாவிட்டால் தாயோடு இருந்து ஓலை இழைப்பு. கடிதத்தின் அடியில் இன்னொன்று இருந்தது. போன வருடம் வென்ற பள்ளிக்கூடம், முதல் பிள்ளை பேசத் தொடங்குமுன் கிண்ணத்தைத் திருப்பி மேசையில் வைக்க வேண்டும். வைக்காத பள்ளிக்கூடத்துப் பிள்ளை பேச முடியாது.

திருப்பி வைக்க வேண்டுமா? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறது என்ன பரிசு என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய ரீச்சர் சொன்னா, அது ஒவ்வொரு வருடமும் கைமாறுகிற கிண்ணம், எல்லா இடமும் அப்படித்தான் என்று. அப்படியென்றால் சபைக்கு முன்னால் ஏன் உங்களுடையது என்று சொன்னார் என்று கேட்டேன். "அது மேடையிலை சொல்லுறது, செல்லம்மா" என்றா. மேடையில் சொல்வதற்கும் நிலத்தில் சொல்வதற்கும் வேறு கணக்கா? இதையும் நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

கிண்ணம் எங்கே என்று நான் சொன்னதும் அவ கண்ணாடியைக் கழற்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தா. நான் பின்னால் போனேன். அபிஷேக நேரம். ஐயர் கிண்ணத்தைத் தூக்கிப் பால் ஊற்றுகிறார். கொம்பனியின் பேர் பொறித்து வெட்டின பக்கம் எங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. பெரிய ரீச்சர் கடைசிவரை நின்றா. கையை நீட்டித் தீர்த்தம் வாங்கினா. ஐயரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போது சொன்னா: "என்னாலை கேக்க ஏலாது. மிச்சத்தை நீர் பாரும்."

நான் யாருடைய வாசல் படலையிலும் போய் நின்று ஒன்று கேட்டவள் இல்லை. அன்றைக்கு நாகம்மாவின் படலையில் நின்றேன்.

"பிள்ளையின்ரை படிப்படி, நாகம்மா. கிண்ணத்தை ஒருக்கா வாங்கித் தா."

"குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? அக்கா, உங்கடை வாயாலை இதைக் கேக்கிறியளே."

"அது உன்ரை இல்லையாம். கொம்பனியின்ரையாம்."

"அப்ப என்னத்துக்குப் பிள்ளையின்ரை கையிலை தந்தவை? சும்மா பாத்திட்டுத் தாறதுக்கோ? என்ரை கடகத்தைச் சந்தையிலை ஒருத்தி எடுத்துப் பாத்தாலும் வைச்சிட்டுத்தான் போவள். வித்துக் குடுத்திட்டால் நான் திருப்பிக் கேக்கமாட்டன்."

அவள் சொன்னது எனக்குச் சரி. பெரிய ரீச்சர் சொன்னதும் சரி. இழைத்த ஓலையைப் பார்த்துக்கொண்டு அவள் பிறகு மெதுவாகச் சொன்னாள், பாக்கியம் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று.

அங்கிருந்து ஐயரிடம் போனேன். அம்மனுடைய சாமானை வெளியே கொடுக்கத் தனக்கு உரித்தில்லை என்றார். போகிற வழியில் எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. தீர்த்தத் திருவிழாவுக்குப் போகும்போது செம்பும் குடமும் கோயிலை விட்டு வெளியே போகின்றனதானே என்று கேட்டேன். அது என் கையில் போகிறது என்றார் ஐயர். அப்படியென்றால் கிண்ணமும் உங்கள் கையிலேயே வந்து, மேசையில் இருந்து, உங்கள் கையிலேயே திரும்பிப் போகட்டும் என்றேன். கடிதத்தில் மேசையில் வைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் பள்ளிக்கூடத்திலை மணி அடிக்கிறனீர்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

போட்டி நாள். ஐயர் வெள்ளைத் துணி சுற்றிய கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். பிள்ளைகள் சொல்லாமலே எழும்பி நின்றார்கள். மேசையில் வாழையிலை போட்டு வைத்தார். சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வரத்தம்பூ. கொம்பனி ஐயா கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் கழற்றிவிட்டார். மேசைக்கு முன்னால் காலுறையோடு நின்றுதான் போட்டியை நடத்தினார்.

பாக்கியம் அன்றைக்குப் பேசிய பேச்சை நான் முழுதாகக் கேட்கவில்லை. கிடாரத்தோடு நின்றேன். ஆனால் அவள் பேசி முடித்தபோது நெடுந்தீவு ரீச்சர் முதலில் கை தட்டினா. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வென்ற பிறகுதான் சிக்கல். வென்றவளின் பேரை வெட்டுவதற்குக் கிண்ணத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் கொம்பனி ஐயா. ஐயர் தலையை ஆட்டினார், இல்லை என்று. கொம்பனி ஐயாவின் முகம் வேர்த்துவிட்டது. கிண்ணம் இல்லாமல் போனால் தலைமைக் கந்தோர் நிதியையும் தராமல் விடலாம், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று பெரிய ரீச்சரிடம் சொன்னார். பாக்கியம் அதைக் கேட்டுக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கொம்பனி ஐயாவுக்கே ஒரு வழி தென்பட்டது. ஐயர் கிண்ணத்தோடு நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பினால், கிண்ணம் நல்ல இடத்தில் இருக்கிறது என்று கந்தோருக்குக் காட்டலாம். கிண்ணமும் இங்கேயே இருக்கும், நிதியும் வரும். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கொம்பனியின் படக்காரர் வானிலிருந்து இறங்கினார். இறங்கும்போது ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதை எடுங்கோ" என்றாள் நாகம்மா. சபையில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "அம்மனுக்கு ஊத்திறது பசுப்பால். டின்னைப் பக்கத்திலை வைச்சால் அம்மன் அதைத்தான் குடிக்கிறா எண்டு பாக்கிறவை நினைப்பினம்."

கொம்பனி ஐயா, படத்தில் டின் இருந்தால் கந்தோர் இன்னும் சந்தோசப்படும் என்றார்.

"அவை சந்தோசப்பட நான் அம்மன்ரை பேரிலை பொய் சொல்ல ஏலாது, ஐயா. பிள்ளை படிக்காட்டிலும் பறவாயில்லை."

பாக்கியம் தாயைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கோபமா, பயமா, பெருமையா, எதுவென்று என்னால் சொல்ல முடியாது. பெரிய ரீச்சர் எழும்பி வந்தா. டின்னை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போனா. மிச்சத்தைக் கொம்பனி ஐயா பார்க்க வேண்டும் என்பது போல. அவரும் பார்த்தார். டின் இல்லாமல் படம் எடுத்தார்கள்.

நிதி வந்தது. பாக்கியம் நகரத்துக்குப் போய் விடுதியில் சேர்ந்தாள். கிண்ணம் கோயிலில். எல்லாம் முடிந்தது என்று இருந்தோம்.

சில மாதம் கழித்துச் சந்திக் கடைச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. ஐயரின் கை, கிண்ணம், எங்கேயோ ஒரு கோபுரம். கிண்ணத்துக்குப் பக்கத்தில் டின். நான் கண்ணால் பார்த்தேன், மேசைக்குக் கீழே போன டின். அது எப்படி மேலே வந்தது? கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். தெய்வத்துக்கும் உகந்த பால் என்று இருந்தது. அடுத்த தடவை கொம்பனி ஐயா வந்தபோது கேட்டேன். கொழும்பில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், தான் செய்யவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்த மனிதரைக் கோபிக்கவும் எனக்கு முடியவில்லை.

கடையில் நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை. "என்ன நாகம்மா, அம்மனுக்குப் பசு வத்திப் போச்சுதோ?" என்று ஒருவர். "பிள்ளையைப் படிப்பிக்க அம்மனையே கடைக்குக் கொண்டு வந்திட்டாள்" என்று இன்னொருவர். நாகம்மா நேரே என் வளவுக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலமை பஸ்ஸிலை போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப்போறன், அக்கா. பொய்யிலை நிண்டு படிக்க வேண்டாம். நீங்களும் வாங்கோ, எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலை என்னெண்டு கதைக்கிறது எண்டு தெரியாது."

படத்தைப் போட்டது நீயில்லையே என்றேன். பாக்கியம் என்ன பிழை செய்தாள் என்றேன். அவள் கேட்கவில்லை. பெரிய ரீச்சரிடம் ஓடினேன். தாய் கூப்பிட்டால் மறிக்கத் தனக்கு உரித்தில்லை என்றா. முதல் மூலையைக் கூட்ட அவவுக்கும் விளக்குமாறு இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

காலையில் சந்திக்குப் போனேன். நாகம்மா நல்ல சீலை உடுத்து நின்றாள். கடையின் முன்னால் அந்தப் படம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது. நான் ஏறக் காலை எடுத்தேன். அவள் ஏறவில்லை. கடைக்குள் போனாள். பஸ் போய்விட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பால்மா டின்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாங்கோ அக்கா" என்றாள். கோயில் பக்கம் நடந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஐயர் டின்னைப் பார்த்தார். "இது மா, நாகம்மா."

"பாலெண்டுதானே ஐயா அதிலை எழுதிக் கிடக்கு?"

"ஓம். எழுதித்தான் கிடக்கு."

"அப்ப ஒரு நாளைக்கு இதைக் கரைச்சு ஊத்துங்கோ. ஒரு நாள் ஊத்தினாலே காணும். அந்தப் படத்தை என்னாலை கிழிக்க ஏலாது, ஊரெல்லாம் ஒட்டியிருக்கு. அதைப் பொய்யில்லாமலாவது ஆக்கலாம்தானே."

ஐயர் உள்ளே பார்த்தார், அவளைப் பார்த்தார். பசுவின் பால் வந்த செம்பு பக்கத்தில் நிரம்பி இருந்தது. இதைக் கரைக்க எனக்குத் தெரியாதே என்று சொன்னார். அந்தச் சொல்லோடு சம்மதம் வந்துவிட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கிணற்றடியில் போய்க் கால் கை கழுவினேன். மடைப்பள்ளியில் இளஞ்சூடாகத் தண்ணீர் வாங்கினேன். கொஞ்சம் தண்ணீர், மா, தேய்த்துக் களியாக எடுத்து, பிறகு மெல்ல மெல்லக் கலந்தேன். ஒரு கட்டி இல்லை. ஐயர் அதைக் கிண்ணத்தில் வாங்கி அம்மனுக்கு ஊற்றினார். பசுப்பால் மாதிரியே வெள்ளையாகத்தான் வழிந்தது. அம்மனுக்குப் பிடித்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. நாகம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து வெறும் டின்னிலிருந்து லேபிளைக் கிழியாமல் உரித்தாள். ஓலை உரிக்கிற கை அல்லவா. மடித்து என்னிடம் தந்தாள். "பெரிய ரீச்சரிட்டைக் குடுங்கோ. வாற வருசம் டின் இல்லாத வீட்டுப் பிள்ளை ஆரும் இருக்கும்." பிள்ளையைக் கூட்டிவரப் போகிறாயா என்று கேட்டேன். "என்னத்துக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பாக்கியம் படித்து முடித்தாள். இப்போது நெடுந்தீவில் ரீச்சராக இருக்கிறாள். இந்தப் பால் கதையை இதுவரை தாய் அவளுக்குச் சொல்லியிருப்பாளோ தெரியாது. நான் சொல்லவில்லை. பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணத்தில் கொம்பனியின் பேர் அழிந்துவிட்டது. கிண்ணம் யாருடையது என்று இளம் ரீச்சர் கேட்டாள். கொம்பனி தந்தது, பாக்கியம் வென்றது, நாகம்மா கொடுத்தது. யாருடையது என்று எனக்கே தெரியாதபோது என்ன சொல்வது?

ஆனால் கந்தோர்ச் சுவரில் இருக்கிற அந்தப் படத்தைப் பொய் என்று சொல்லிச் சிரிக்க வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை அது மெய்யாக இருந்தது. அந்தப் பாலைக் கரைத்தவள் நான்.